ட்ராக் மேப்: 1,840வது மீட்டர் எந்த வளைவு?

ரேஸ் காரிலிருந்து இறக்கிய டேட்டாவை முதல்முறை திறந்து பார்க்கிறவர்களுக்குத் திரையில் தெரிவது ஒரு கோடு. மேலே ஏறுகிறது, சடாரென்று விழுகிறது, மறுபடி ஏறுகிறது. வேகத்தின் கிராஃப். கர்சரை ஒரு பள்ளத்தில் வைத்தால் கீழே 1,840 மீட்டர், மணிக்கு 71 கிமீ என்று காட்டும். சரி, 1,840வது மீட்டர் என்றால் எந்த வளைவு? ஹேர்பின்னா (கிட்டத்தட்ட யூ வடிவில் திரும்பும் இறுக்கமான வளைவு), அதற்கு முந்தைய சீகேனா (அடுத்தடுத்து இடமும் வலமுமாக வரும் வளைவுகள்)? பக்கத்தில் டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே "மூணாவது வளைவுல கார் திரும்பவே மாட்டேங்குது" என்கிறார். அவர் இடத்தைச் சொல்கிறார், திரை தூரத்தைச் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துவைப்பதுதான் ட்ராக் மேப்பின் வேலை.

நிறையப் பேர் இதைத் திரையின் மூலையில் அழகுக்கு வைத்த படம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஒரு அட்டவணை: தொடக்கக் கோட்டிலிருந்து இத்தனை மீட்டர் போனால் கிழக்கு மேற்கில் இவ்வளவு, வடக்கு தெற்கில் இவ்வளவு. மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 5 கிமீ ட்ராக்குக்கு 5,000 வரிசை, கடைசி வரிசை போய் முதல் வரிசையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கர்சரை 1,840இல் வைத்ததும் மென்பொருள் அந்த வரிசையைப் பார்த்து மேப்பில் ஒரு புள்ளி வைக்கிறது. நிறம் பூசுவது, வளைவுக்கு எண் போடுவது, பிரிவு நேரம் கணக்குப் பார்ப்பது எல்லாம் இந்த அட்டவணையின் மேல் கட்டியவை. அடியில் கோணல் இருந்தால் மேலே கட்டியதெல்லாம் கோணல்.

இன்னொன்று, ஏன் நேரத்தை வைத்துப் பார்க்காமல் தூரத்தை வைத்துப் பார்க்கிறோம்? இரண்டு லேப்பை, அதாவது ட்ராக்கின் இரண்டு முழுச் சுற்றை, நேரத்தின் மேல் வைத்து ஒப்பிட்டால், வேகமான லேப் எப்போதும் கொஞ்சம் முன்னால் இருக்கும். மணிக்கு 200 கிமீ வேகத்தில் அரை நொடி முன்னிலை என்பது சுமார் 28 மீட்டர். ஒரு லேப்பில் கார் பிரேக் போட்டுக்கொண்டிருக்கும், இன்னொன்றில் இன்னும் முழு ஆக்ஸிலரேட்டரில் இருக்கும், நாம் பாட்டுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்து "இங்கே ஏன் இவ்வளவு வித்தியாசம்" என்று கேட்டுக்கொண்டிருப்போம். தூரத்தின் மேல் வைத்தால் அதே இடம் அதே இடத்தோடு ஒப்பிடப்படும். அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது என்றால், சக்கர வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதிலிருந்து. தொடக்கக் கோட்டைத் தாண்டும்போது அது மறுபடி பூஜ்ஜியமாகும். முன்பு இதற்குப் பிட் (கார்களை நிறுத்திக் கவனிக்கும் இடம்) சுவரில் பீக்கன் என்று சமிக்ஞை அனுப்பும் ஒரு கருவி வைப்பார்கள், கார் தாண்டும்போது அந்தச் சமிக்ஞையைக் காரில் டேட்டாவைப் பதிவு செய்யும் லாகர் பிடித்துக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸிலேயே ஒரு கற்பனைக் கோடு போட்டுவிடுகிறார்கள்.

ஜிபிஎஸ் இல்லாமல் மேப் வரைவது

இதைத் தெரிந்துகொள்ளாமல் நேராக ஜிபிஎஸ்ஸுக்குப் போய்விடாதீர்கள், ஏனென்றால் மேப் எங்கே தப்பாகும் என்பது இதில்தான் புரியும்.

ஓடும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உடம்புக்குத் தெரியும். எவ்வளவு தள்ளுகிறது என்பதை வைத்து வளைவு எவ்வளவு இறுக்கம் என்றுகூடச் சொல்லிவிடலாம், ஆனால் ஒரு நிபந்தனை, பஸ்ஸின் வேகம் தெரிந்திருக்க வேண்டும். அகலமான வளைவை வேகமாக எடுத்தாலும் இறுக்கமான வளைவை மெதுவாக எடுத்தாலும் தள்ளுவது ஒரே அளவாக இருக்கலாம் அல்லவா. காரில் அந்தத் தள்ளலை அளப்பது பக்கவாட்டு ஜி சென்சார் (1 ஜி என்பது புவியீர்ப்பின் அளவு), வேகத்தை அளப்பது சக்கர சென்சார். இந்த இரண்டு சேனல், அதாவது இரண்டு சென்சாரின் பதிவும், கையில் இருந்தால் ட்ராக்கின் வடிவம் கிடைத்துவிடும்.

கணக்கு இதுதான். பக்கவாட்டு முடுக்கத்தை வேகத்தால் வகுத்தால், கார் ஒரு நொடிக்கு எத்தனை ரேடியன் திரும்புகிறது என்று வரும். ஒரு வளைவை மணிக்கு 108 கிமீ, அதாவது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் 1.5 ஜி விசையோடு எடுக்கிறோம் என்று வையுங்கள். 1.5 ஜி என்பது 14.7 மீ/நொ². 30ஆல் வகுத்தால் 0.49 ரேடியன், அதாவது நொடிக்கு 28 டிகிரி. 90 டிகிரி திரும்ப 3.2 நொடி ஆகும். வளைவின் ஆரம் வேண்டுமென்றால் வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தால் வகுக்க வேண்டும்: 900ஐ 14.7ஆல் வகுத்தால் 61 மீட்டர். இரண்டே சென்சார்தான், ஆனால் வளைவின் ஆரம்வரை சொல்லிவிடுகிறது.

இதை எக்செல்லிலேயே செய்து பார்க்கலாம், செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். லாகர் நொடிக்கு 50 முறை பதிவு செய்கிறது என்றால் ஒவ்வொரு வரிசையும் 0.02 நொடி. புதிய திசை என்பது பழைய திசையோடு, முடுக்கத்தை வேகத்தால் வகுத்து 0.02ஆல் பெருக்கியதைக் கூட்டியது. கார் அந்த 0.02 நொடியில் நகர்ந்த தூரம் வேகம் பெருக்கல் 0.02. அந்தத் தூரத்தைத் திசையின் கொசைனால் பெருக்கி எக்ஸில் கூட்டு, சைனால் பெருக்கி ஒய்யில் கூட்டு. 100 நொடி லேப்புக்கு 5,000 வரிசை கீழே இழுத்துவிட்டு, எக்ஸையும் ஒய்யையும் புள்ளிகளாக வரைந்தால் ட்ராக் திரையில் வந்து நிற்கும். முதல்முறை அது வரும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகவே செய்யலாம்.

எனக்கு முதல்முறை வந்தது கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறிப்போன ட்ராக். அரை மணி நேரம் சூத்திரத்தைக் குடைந்த பிறகுதான் தெரிந்தது, சென்சார் வலப்பக்கத் திருப்பத்தை நேர்ம எண்ணாகச் சொல்கிறது, நான் எதிர்ம எண் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கழித்தல் குறியில் முடிந்தது. இந்த முறையில் வரையும் மேப்புக்கு வடக்கு எது என்றும் தெரியாது, முதல் வரிசையில் எந்தத் திசையை நீங்கள் கொடுக்கிறீர்களோ அதுதான் அதற்கு வடக்கு. ட்ராக் பக்கவாட்டில் சாய்ந்து வந்தால் பயப்பட வேண்டாம், சுழற்றிக்கொள்ளலாம். அப்புறம், எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் ஒரே அளவுகோலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ட்ராக் யாரோ உட்கார்ந்து நசுக்கிய மாதிரி தெரியும்.

வட்டம் மூடுவதில்லை

எல்லாம் சரியாகச் செய்தாலும் கடைசிப் புள்ளி முதல் புள்ளிக்கு வந்து சேராது. சேரவே சேராது. கார் கிளம்பிய கோட்டுக்கே திரும்பி வந்தது நிச்சயம், ஆனால் நம் மேப்பில் அது எங்கோ புல்வெளியில் போய் நிற்கும்.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு. சென்சார் நேராகப் பொருத்தப்படவில்லை, கார் சமதளத்தில் சும்மா நிற்கும்போதே பூஜ்ஜியத்துக்குப் பதில் 0.02 ஜி காட்டுகிறது என்று வையுங்கள். கிராஃபில் அது கண்ணுக்கே தெரியாது. 0.02 ஜி என்பது 0.196 மீ/நொ². சராசரி வேகம் நொடிக்கு 40 மீட்டர் என்றால், நொடிக்கு 0.0049 ரேடியன் பொய்யாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறோம். 100 நொடி லேப்பில் அது 0.49 ரேடியன், 28 டிகிரி. கண்ணுக்குத் தெரியாத பிழை லேப் முடியும்போது முழு ட்ராக்கையும் வளைத்துவிடுகிறது, ஏனென்றால் நாம் கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே போகிறோம்.

நல்லவேளையாக விடை நமக்கு முன்பே தெரியும். சாதாரண ட்ராக்கை ஒருமுறை சுற்றி வந்தால் கார் மொத்தமாகத் திரும்பிய கோணம் 360 டிகிரி, எத்தனை வளைவு இருந்தாலும், எப்படிக் கோணல்மாணலாக இருந்தாலும். நம் கணக்கில் 388 வந்தால் 28 டிகிரி பிழை. இதைச் சரிசெய்ய இரண்டு வழி. எல்லா மதிப்பையும் 360/388ஆல் பெருக்கலாம், அல்லது எல்லா மதிப்பிலிருந்தும் ஒரே சின்ன எண்ணைக் கழிக்கலாம். பெருக்குவது சுலபம் என்று தோன்றும், ஆனால் பிழை சென்சாரின் பூஜ்ஜியத்தில் இருந்தால் நேர்ப்பாதைகள் வளைந்தபடியே இருக்கும், வளைவுகள் மட்டும் வீணாக மாறும். நான் கழிப்பதைத்தான் முதலில் முயல்வேன். பெருக்கும் முறை எங்கே முற்றிலும் கைவிடும் என்றால் ஜப்பானின் சுசுகாவில். 5.807 கிமீ நீளமுள்ள அந்த ட்ராக் எட்டு போட்ட வடிவம், ஒரு இடத்தில் பாலம் போட்டுத் தன்னைத்தானே கடக்கிறது. பாதி ட்ராக்கில் ஒரு பக்கம், மீதியில் மறுபக்கம் என்று திரும்புவதால் மொத்தக் கோணம் 360 இல்லை, பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தைத் தவிர எதைக் கொண்டு பெருக்கினாலும் பூஜ்ஜியம் வராது.

கோணம் சரியான பிறகும் கடைசிப் புள்ளி முதல் புள்ளியிலிருந்து சில மீட்டரோ சில பத்து மீட்டரோ தள்ளி நிற்கும். அந்த இடைவெளியை ஓடிய தூரத்துக்கு ஏற்றபடி எல்லாப் புள்ளிகளுக்கும் பங்கு போட்டுவிட வேண்டும். பாதித் தூரத்தில் இருக்கும் புள்ளிக்குப் பாதி, முக்கால் தூரத்தில் இருப்பதற்கு முக்கால். மென்பொருள்கள் மேப்பை மூடுகிறேன் என்று சொல்லி உள்ளே செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். பங்கு போட வேண்டிய தொகை பெரிதாக இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

சென்சாரை ஏமாற்றுகிறவை இன்னும் உண்டு. பிரேக்கில் சக்கரம் லாக் ஆனால், அதாவது சுற்றாமல் நின்றுவிட்டால், சக்கர வேகம் பூஜ்ஜியத்துக்குப் போகும், கார் போய்க்கொண்டேதான் இருக்கும், அந்த மீட்டர்கள் கணக்கில் காணாமல் போகும். அதனால் எஞ்சின் ஓட்டாத சக்கரங்களில் எது வேகமாகச் சுற்றுகிறதோ அதை எடுப்பது வழக்கம். சாய்வான வளைவு இன்னொரு தொல்லை. அமெரிக்காவின் டேடோனா ட்ராக்கில் 31 டிகிரி சாய்வு, அங்கே காரோடு சேர்ந்து சென்சாரும் சாய்வதால் புவியீர்ப்பில் பாதியளவு பக்கவாட்டுக் கணக்கில் கலந்து, விசை இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும், வளைவு இருப்பதைவிட அகலமாக வரையப்படும். இப்படிப்பட்ட ட்ராக்குக்குப் பக்கவாட்டு ஜிக்குப் பதில் கார் திரும்பும் வேகத்தையே அளக்கிற கைரோ சென்சார் இருந்தால் நல்லது. அதற்கும் பூஜ்ஜியம் நகரும், ஆனால் அதைச் சரிசெய்யும் வித்தை மேலே பார்த்ததேதான்.

ஜிபிஎஸ்

ஜிபிஎஸ் இருந்தால் கூட்டல் பிழை என்ற பிரச்சினையே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தனியாக அளக்கப்படுகிறது. வருவது அட்சரேகையும் தீர்க்கரேகையும், நமக்கு வேண்டியது மீட்டர். இங்கேதான் ஆரம்பத்தில் எல்லோரும் ஒருமுறை வழுக்குவார்கள். அட்சரேகையில் ஒரு டிகிரி உலகத்தில் எங்கே போனாலும் ஏறக்குறைய 111 கிமீ. தீர்க்கரேகையில் அப்படி இல்லை, துருவத்தை நோக்கிப் போகப் போகக் கோடுகள் நெருங்கும், அதனால் அந்த 111ஐ அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். மலேசியாவின் செபாங் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அட்சரேகை 3 டிகிரிகூட இல்லை, கொசைன் கிட்டத்தட்ட 1. பெருக்க மறந்தாலும் மேப் அழகாக வரும், சூத்திரம் சரி என்று நம்பிவிடுவீர்கள். அதே ஃபைலை வைத்து இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனை வரைந்தால் அங்கே அட்சரேகை 52, ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 68 கிமீதான், ட்ராக் கிழக்கு மேற்காகச் சப்பாத்தி மாதிரி இழுபட்டு வரும்.

நொடிக்குப் பத்து முறை அளக்கிற ஜிபிஎஸ் போதுமா என்று கேட்பார்கள். மணிக்கு 216 கிமீ வேகத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே 6 மீட்டர் இடைவெளி, கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அந்த வேகம் நேர்ப்பாதையில்தான், நேர்க்கோட்டை வரைய எத்தனை புள்ளி வேண்டும்? இறுக்கமான வளைவில் மணிக்கு 60 கிமீ என்றால் இடைவெளி 1.7 மீட்டராகச் சுருங்கிவிடும். மேப் வரைய மட்டும் என்றால் பத்தே தாராளம்.

இடம் எவ்வளவு துல்லியம் என்பது வேறு கேள்வி. சாதாரண ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் பிழை இருக்கும், ஆனால் அது மெதுவாக நகர்கிற பிழை, ஒரு லேப்புக்குள் பெரிதாக மாறாது. அதனால் ஒரே லேப்பின் வடிவம் நன்றாக வரும், காலையில் ஓடியதும் மாலையில் ஓடியதும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராமல் இரண்டு மீட்டர் தள்ளி உட்காரும். இதைப் பார்த்துவிட்டு "மாலையில் அவர் வளைவுக்கு உள்ளே ரொம்ப ஒட்டிப் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், டிரைவர் சிரித்தார். எந்தக் கோட்டில் ஓடினார் என்று ஒப்பிட வேண்டுமென்றால் சென்டிமீட்டர் துல்லியம் தருகிற ஆர்டிகே வகை ஜிபிஎஸ் வேண்டும், அல்லது காரில் கேமரா வேண்டும். தூரத்தையும் ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு நடுவே அளந்து கூட்டாதீர்கள், புள்ளிகள் இப்படியும் அப்படியும் ஆடுவதால் கோடு நெளிந்து தூரம் கூடிவிடும். ஜிபிஎஸ் தருகிற வேகம், இடத்தைவிட நம்பகமானது, அதைக் கூட்டுங்கள்.

அப்புறம் நகரத் தெருக்களில் ஓடும் மொனாக்கோ ட்ராக். 3.337 கிமீ நீளம், பல இடங்களில் இரு பக்கமும் கட்டடம், நடுவில் ஒரு சுரங்கப்பாதை. சுரங்கத்தில் செயற்கைக்கோள் தெரியாது, கட்டடத்தில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை இடத்தைத் தப்பாகக் காட்டும். இந்த மாதிரி இடங்களில்தான் பழைய வேகமும் ஜியும் முறை ஓட்டையை அடைக்க வரும். இரண்டையும் கலந்து பயன்படுத்துகிற கருவிகள் செய்வதும் அதுதான்.

எந்த லேப்பை எடுப்பது

யார் குறுக்கேயும் வராத, தடுமாற்றம் இல்லாத, ஓரளவு வேகமான ஒரு லேப். பிட்டிலிருந்து வெளியே வரும் லேப்பும் பிட்டுக்குள் போகும் லேப்பும் வேண்டவே வேண்டாம். மிக வேகமான லேப்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில சமயம் மிக வேகமான லேப்பில் டிரைவர் ஒரு இடத்தில் நாலு சக்கரமும் வெளியே போய் வந்திருப்பார், அது மேப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது, நாம் வரைந்தது ட்ராக் இல்லை, அந்த லேப்பில் கார் போன கோடு. அடுத்த லேப்பில் கார் வேறு கோட்டில் போகும், நீளம் மாறும். எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு ரசமான கணக்கு உண்டு. லேப் முழுக்க வெளிப்பக்கமாக 1 மீட்டர் தள்ளி ஓடினால் கூடுதல் தூரம் 6.28 மீட்டர், 2 பெருக்கல் பை. ட்ராக் 3 கிமீயோ 20 கிமீயோ, அதே 6.28தான், ஏனென்றால் சாதாரண ட்ராக்கில் மொத்தத் திருப்பம் 360 டிகிரி. சுசுகாவில் லேப் முழுக்க ஒரே பக்கமாகத் தள்ளி ஓடினால் கூடுதல் பூஜ்ஜியம்! ஆகவே ஓட்டும் கோடு செய்யும் பிழை சில மீட்டர்தான். பெரிய பிழை டயரில் இருக்கிறது. சுற்றளவு அரை சதவீதம் தப்பாகக் கொடுத்திருந்தால் சுசுகாவில் லேப் முடியும்போது 29 மீட்டர் விலகியிருக்கும். டயர் தேயும், சூடேறும், காற்றழுத்தம் மாறும், ஆக இந்தப் பிழை நாளுக்கு நாள் மாறும். அதனால்தான் மென்பொருள்கள் ஒவ்வொரு லேப்பையும் மேப்பின் நீளத்துக்கு இழுத்தோ சுருக்கியோ பொருத்த வழி வைத்திருக்கின்றன. அதை அணைத்துவிட்டு வேலை பார்க்காதீர்கள்.

பிரிவுகள்

வடிவம் வந்தாயிற்று, இனி அதைத் துண்டு போட வேண்டும். இது நேர்ப்பாதை, இது முதல் வளைவு, இது இரண்டு என்று. மென்பொருளே செய்துவிடும், பக்கவாட்டு ஜி ஒரு அளவைத் தாண்டினால் வளைவு, இறங்கினால் நேர்ப்பாதை. கிடைப்பதைத் திருத்தாமல் பயன்படுத்தவே முடியாது என்பது என் அனுபவம். அடுத்தடுத்து இடமும் வலமுமாக வரும் வளைவுகளுக்கு நடுவே ஜி பூஜ்ஜியத்தைக் கடப்பதால் அங்கே அரை நொடிக்கு ஒரு நேர்ப்பாதை முளைத்திருக்கும். முழு ஆக்ஸிலரேட்டரில் போகிற வளைவு வேறு விதச் சிக்கல். சுசுகாவின் 130ஆர், பெயர் வந்ததே 130 மீட்டர் ஆரத்திலிருந்து, ஜி சென்சாரைக் கேட்டால் பயங்கரமான வளைவு என்று சொல்லும், இன்றைய ஃபார்முலா 1 காரின் ஆக்ஸிலரேட்டர் சேனலைக் கேட்டால் காய்ந்த தரையில் அது நேர்ப்பாதை. எப்படிப் பிரிப்பது என்பது நீங்கள் என்ன கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எண்ணும் பெயரும் மட்டும் டிரைவர் சொல்வதையே வையுங்கள், மென்பொருள் சீகேனை இரண்டாக எண்ணி உங்கள் ஏழாம் வளைவு அவருடைய ஆறாம் வளைவாகிவிட்டால் அன்றைய பேச்சு முழுக்கக் குழப்பம்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம் எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பது. நீண்ட நேர்ப்பாதை, கடைசியில் ஹேர்பின். கார் மணிக்கு 216 கிமீயில் வருகிறது, பிரேக் 1.5 ஜி. பிரிவு எல்லை வளைவுக்கு 60 மீட்டர் முன்னால் போடப்பட்டிருக்கிறது, அதாவது பிரேக் போடும் பகுதிக்கு நட்டநடுவில். ஒரு லேப்பில் டிரைவர் வளைவுக்கு 110 மீட்டர் இருக்கும்போது பிரேக் போடுகிறார், எல்லையைத் தாண்டும்போது வேகம் 166 கிமீ, வளைவை எட்டும்போது 69, ஒழுங்காகத் திரும்பிவிடுகிறார். இன்னொரு லேப்பில் 10 மீட்டர் தாமதித்து 100 மீட்டரில் பிரேக் போடுகிறார். எல்லையைத் தாண்டும்போது 177 கிமீ, அந்தப் பிரிவில் 0.04 நொடி லாபம். ஆனால் வளைவை எட்டும்போது வேகம் 92 கிமீ, 69க்குத் திரும்ப வேண்டிய இடத்தில் 92, கார் ஏபெக்ஸை, அதாவது வளைவின் உள்விளிம்பைத் தொட வேண்டிய இடத்தை, தவறவிட்டு வெளியே போய்த் தடவித் தடவித் திரும்புகிறது.

இப்போது மென்பொருளிடம் ஒவ்வொரு பிரிவிலும் சிறந்ததை எடுத்துச் சேர்த்தால் என்ன லேப் வரும் என்று கேளுங்கள். நேர்ப்பாதைக்கு இரண்டாவது லேப்பின் நேரத்தை எடுக்கும், ஹேர்பின்னுக்கு முதல் லேப்பின் நேரத்தை எடுக்கும். 177இல் எல்லையைத் தாண்டிய கார் அடுத்த கணமே 166இல் தாண்டிய காராக மாறினால்தான் அப்படி ஒரு லேப் ஓட முடியும். இதே மாதிரி பத்து எல்லை இருந்தால் 0.4 நொடி, காற்றிலிருந்து. அதைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவரிடம் "உங்களால் இன்னும் 0.4 நொடி முடியும்" என்றால் அவர் அடுத்த செஷனில் இன்னும் தாமதித்துப் பிரேக் போடுவார்.

நான் எல்லையை எப்போதும் பிரேக் பகுதி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வைப்பேன், எல்லா லேப்பிலும் மிக முந்திப் பிரேக் போட்ட இடத்துக்கும் முப்பது நாற்பது மீட்டர் முன்னால். அப்போது ஒரு பிரிவு என்பது பிரேக், வளைவு, வெளியேற்றம், அதற்குப் பின் வரும் நேர்ப்பாதை எல்லாம் சேர்ந்த ஒரு முழுத் துண்டு. வளைவில் செய்த தப்பின் விலை அதே துண்டிலேயே விழும். வெளியேறும்போது 5 கிமீ குறைவாக வெளியேறினால் அந்த இழப்பு நேர்ப்பாதை முழுக்கக் கூடவே வரும். வளைவையும் நேர்ப்பாதையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு எஞ்சினில் பலம் இல்லை என்று எஞ்சின்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பிரிவுகளும் அதிகம் வேண்டாம், துண்டு சின்னதாகச் சின்னதாகக் கற்பனை லேப் வேகமாகிக்கொண்டே போகும். மோடெக் ஐ2 என்ற டேட்டா மென்பொருளில் எக்லெக்டிக் என்று வருவது இந்த ஒட்டுப்போட்ட லேப்தான், பக்கத்திலேயே ரோலிங் மினிமம் என்று ஒன்று இருக்கும். அது எங்கே தொடங்கினாலும் சரி, தொடர்ச்சியாக ஓடிய ஒரு முழுச் சுற்றில் மிகக் குறைந்த நேரத்தைக் காட்டும். எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை.

கார் இல்லாமல் பழகுவதற்கு

ரேஸ் கார் இல்லையே என்று நிறுத்திவிட வேண்டாம். ஐரேசிங் போன்ற கணினி ரேஸ் சிமுலேட்டர்களின் டெலிமெட்ரியில், அதாவது அவை பதிவு செய்து தரும் டேட்டாவில், அட்சரேகை தீர்க்கரேகை உட்பட எல்லாம் வருகிறது, அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற இன்னொரு சிமுலேட்டர் மோடெக்கில் திறக்கக்கூடிய ஃபைலையே எழுதித் தரும். ஜி, வேகம் இரண்டை மட்டும் வைத்து ஒரு மேப், இடப் புள்ளிகளை வைத்து இன்னொரு மேப் என்று வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எங்கே விலகுகிறது என்று நேரடியாகத் தெரியும்.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஃபாஸ்ட்எஃப்1 என்ற இலவச நூலகம் இருக்கிறது, ஃபார்முலா 1 கார்களின் இடப் புள்ளிகளைத் தரும், வளைவு எண்களும் அவை இருக்கும் இடமும் ட்ராக்கை எத்தனை டிகிரி சுழற்றினால் நாம் பார்த்துப் பழகிய மேப் மாதிரி இருக்கும் என்பதும்கூட அதிலேயே வரும். அலகு மட்டும் மீட்டர் இல்லை, மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதைப் படிக்காமல் வரைந்து 58 கிமீ நீளத்துக்கு ஒரு சுசுகா வைத்திருந்தேன். புள்ளிகளும் நொடிக்கு நாலைந்துதான் வரும், ட்ராக்கில் வேகத்தை நிறமாகப் பூசிப் பார்க்க நன்றாக இருக்கும், பிரேக் இடத்தை மீட்டர் கணக்கில் பேச ஆகாது.

மேப் தயாரானதும் நம்பலாமா என்று பார்க்க ஒரு சோதனை. ட்ராக்கில் எங்காவது ஒரு மேடோ தார் ஒட்டுப்போட்ட தழும்போ இருக்கும், செங்குத்து ஜி சேனலில் அது ஒவ்வொரு லேப்பிலும் ஒரு கூர்முனையாகத் தெரியும். டிரைவர் மாறலாம், டயர் மாறலாம், அந்த மேடு நகராது. பத்து லேப்பைத் தூரத்தின் மேல் அடுக்கிவைத்து அந்த முனைகளைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தால் தூரக் கணக்கு சரி. எல்லாமே ஒரே பக்கமாக, லேப்புக்கு லேப் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனால் டயர் சுற்றளவு மாறிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு லேப்பில் மட்டும் பத்து மீட்டர் தள்ளி நின்றால், அதற்கு முந்தைய வளைவில் சக்கர வேகச் சேனலைப் பெரிதாக்கிப் பாருங்கள், அநேகமாக அங்கே ஒரு லாக்கப் இருக்கும்.